வீட்டுக்கு ஒரு ஓட்டு

...ஐம்பத்து மூன்று, மறுபடி எண்ணினாலும் ஐம்பத்து மூன்றுதான், மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு உள்ள ஊரில் இவ்வளவுதானா, காலை ஏழு மணிக்கே வரிசை கட்டி நின்றார்களே, பத்து மணிக்கு மேல் ஈ காக்கை இல்லையே, என்ன கேடு வந்தது இந்த ஊருக்கு... பூத் இருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பூத் சீட்டு எழுதிக் கொடுக்கிற மேசையில் நான், பக்கத்திலேயே ஒலியுல்லா பாய், மளிகைக் கடைக்காரர், எதிர்க்கட்சி. இந்தச் சரிவில் மேசை போடச் சமதளம் இது ஒன்றுதான், அதனால் இரண்டு கட்சிக்கும் ஒரே மேசை, நடுவில் ஒரு செங்கல், அதைத் தாண்டி அவருடைய முறுக்கு மட்டும் என் பக்கம் வரும். இதுவரை காப்பித் தோட்டத்துக்குள் ஒன்பது கிலோமீட்டர் நடந்து பெரும்பாறைக்குப் போய்த்தான் ஓட்டுப் போட்டோம், இந்தத் தடவைதான் ஊருக்குள்ளேயே பூத், எத்தனை மனு, எத்தனை அலைச்சல், கட்சியை மறந்து நானும் பாயும் சேர்ந்தல்லவா அலைந்தோம்... "பாதிப் பேராவது போடலைன்னா அடுத்த தடவை கீழேயே மாத்திருவாங்கம்மா" என்று பூத் அதிகாரி காலையிலேயே சொல்லிவிட்டார். நூற்றாறு விழ வேண்டும்.

"பாய், மேசையப் பாத்துக்கங்க" என்று எழுந்துவிட்டேன், உட்கார்ந்தே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். ரோடு போடவில்லை என்று கோபமா? கோபம் இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா, ஐம்பத்தெட்டு வீட்டில் எது எங்களுடையது, எது பாயுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேனே, முப்பத்தொன்று எங்களுக்கு, இருபத்தேழு அவர்களுக்கு, இதில் என்றைக்குமே என் கணக்குத் தப்பியதில்லை... போன வார மழைக்குக் காப்பிப் பூ பொலபொலவென்று பூத்துக் கிடக்கிறது, மூச்சை இழுத்தால் மல்லிகை மாதிரி, இந்த நேரத்திலும் இந்த மூக்குக்குச் சந்தோஷத்தைப் பார். பாதையில் முதல் வீடு ஞானவேல் வீடு, பாய் கட்சி, அவன் பெண்டாட்டி வடிவு வாசலில் சுளகோடு மிளகு புடைத்துக்கொண்டிருக்கிறாள், பாவி மகள், ஓட்டு நாளில் மிளகு. "ஏ வடிவு, ஓட்டுப் போட வரலையா?" "எங்க வீட்டு ஓட்டத்தான் அவரு வெள்ளனேயே போட்டுட்டாரேக்கா." "அது அவரு ஓட்டுடி! ஒன் ஓட்டு எங்க?" சுளகை இறக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வீட்டுக்கு ஒண்ணுதானேக்கா?"

அடி ஆத்தே... ஐம்பத்தெட்டு வீடு, ஐம்பத்து மூன்று ஓட்டு, இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை? பாதை வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள், ஊர்க்கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள், காட்டுமாடு நிற்கிற வழியில் எல்லோரும் போக முடியாது என்று பெரும்பாறைக்கும் வீட்டுக்கு ஒரு ஆள்... போகப் போக அதுவே சட்டமாகிவிட்டது. "அப்ப ஒனக்கு எதுக்குடி ஓட்டு அட்டை?" "சிம் கார்டு வாங்கத்தானே குடுத்தாங்க?" நான் சிரித்த சிரிப்பில் பாய் என்னவோ ஏதோவென்று மேசையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார், விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார், பிறகு மேல் தெரு நான், கீழ்த் தெரு அவர், எந்த வீட்டையும் விடவில்லை. "ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு, வெரசா வாங்க!" கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினவள் ஒருத்தி, தலைக்குப் பூ வைக்காமல் வரமாட்டேன் என்றவள் ஒருத்தி, சுண்ணாம்புக் கோடு வரை வரிசை நீண்டு ஒரே பேச்சும் சிரிப்பும், தேர் இழுக்க வந்த கூட்டம் தோற்றது போங்கள். கோட்டைத் தாண்டப்போன வடிவு என் காதருகே வந்தாள், "எந்த பட்டன்னு அவரு சொல்லலையேக்கா, நீங்க சொல்லுங்க." நாக்கு நுனி வரைக்கும் எங்கள் சின்னம் வந்துவிட்டது, பாயோ எங்கேயோ தள்ளி நிற்கிறார், ஒரே ஒரு வார்த்தை, யாருக்குத் தெரியப்போகிறது... "ஒனக்குப் புடிச்சதப் போடுடி." சொன்ன பிறகுதான் ஐயோ என்றிருந்தது. உள்ளே போனவள் வெளியே வரும்போது மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள், அதற்கு என்ன அர்த்தம், எங்களுக்கா, அவர்களுக்கா? அவள் புருஷனுக்கே தெரியாதே. அப்படியானால் என் முப்பத்தொன்று? பாயின் இருபத்தேழு?

நாலே முக்காலுக்கு நூற்றைந்து. அடுத்து வந்தது யாரென்று பார்த்தால் என் வீட்டுக்காரர், ராஜமுருகன், குளித்து முழுகி வெள்ளைச் சட்டையோடு, இருபத்திரண்டு வருஷமாக நான் பெரும்பாறைக்குப் போகும்போதெல்லாம் மாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர், எங்கள் வீட்டு ஆள் நான்தானே. கைகூடக் காட்டாமல் உள்ளே போனார், பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து பீப் சத்தம் இங்கே எங்கே கேட்கும், ஆனாலும் எனக்குக் கேட்டது, நூற்றாறு! பாய் முறுக்குப் பொட்டலத்தை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார், அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான், இனி எந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டாம். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார், அந்தச் சிரிப்பைக் கல்யாணமான புதிதில் பார்த்தது. "நம்ம சின்னத்துக்குத்தானே போட்டீங்க?" என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன். "ஏ புவனா, இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்குற" என்றார். "பால் கறக்கணும், சோலி கெடக்கு" என்று விசிலடித்துக்கொண்டே சரிவில் இறங்கிவிட்டார். என்ன மனுஷன்... அந்த முப்பத்தொன்றில் முதல் வீடாக எழுதியது எங்கள் வீட்டைத்தானே, ஒரு நாளாவது அவரிடம் கேட்டு எழுதினேனா? சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது, அடக்க முடியவில்லை. "என்ன தங்கச்சி, ஜெயிச்சாச்சா?" என்கிறார் பாய். வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை காப்பிச் செடிகளுக்குள் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுலயே தெரியலையே, பாய்."