வால்வுக்குச் சந்தனம்

நைனார்பாளையம் உரக்கடை இளஞ்செழியன் வாங்கி வந்த பழைய வால்வு ஆம்ப்ளிபயர், ஆனியிலிருந்து ஆயுத பூஜை வரைக்கும் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. செலவு மட்டும் வைத்தது. முதலில் கன்டென்சர் போனது. பிறகு டிரான்ஸ்பார்மர் உறுமியது. வோல்டேஜ் கம்மி என்று பிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி அதற்கு மாட்டினார்; வீட்டில் தினமும் பால் திரிந்தது.

"இன்னாங்க, இது பாடுமா பாடாதா?" என்றாள் மனைவி அம்சவள்ளி.

"புதுசெல்லாம் சத்தம் போடும்டி. இதுதான் பாடும். வெதுவெதுப்பா இருக்கும்."

"வெந்நீர்கூடத்தான் வெதுவெதுப்பா இருக்குது."

கடைசியில் அவரே வாய்விட்டார்: ஆயுத பூஜையன்று பாடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். அம்சவள்ளி அன்றைக்கே அந்த இடத்தில் தையல் மிஷின் வைக்க அளவெடுத்துவிட்டாள்.

பூஜைக்கு ரைஸ்மில் ஆதிமூலத்தை அழைத்திருந்தார். ஆதிமூலம் வீட்டில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். அந்தத் திமிரை அடக்கத்தான் அழைப்பே. வால்வு சூடேற வேண்டுமென்று முன்கூட்டியே சுவிட்சைப் போட்டுவிட்டார். பெட்டி மேல் நின்ற கண்ணாடி வால்வுகள் செக்கச்செவேலென்று கனன்றன. உறுமல்கூட இல்லை. பாடித் தொலைத்துவிடுமோ என்று அம்சவள்ளி தையல் மிஷினுக்கு அளவெடுத்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஆதிமூலமும் வந்து உட்கார்ந்தார். மிக்சி, பைக், மோட்டார் சுவிட்ச் என்று சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அம்சவள்ளி, ஆம்ப்ளிபயர் பெட்டிப் பக்கம் கையை நீட்டினாள்.

"பெட்டிக்கா வெக்கிற? அது தகரம்டி. உசுரு வால்வுல இருக்குது!"

கிண்ணத்தைப் பிடுங்கினார். ஈரச் சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி, கனன்ற வால்வின் மேல் பட்டையாக இழுத்தார்.

டிக்.

கண்ணாடி விரிசல் விட்டது. உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை படர்ந்தது. வெளிச்சம் செத்தது.

இளஞ்செழியன் முகம் தொங்கிப்போனது. "சரி, எடுத்துக்கினு போய் போடு" என்று முனகினார். அம்சவள்ளி ஒயரைப் பிடுங்கி, சேலையை இடுப்பில் செருகி, மூச்சைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினாள்.

"இந்த வால்வு இங்க கெடைக்குமா?" என்றார் ஆதிமூலம்.

"எங்க கெடைக்கும்? ரஷ்யாலேர்ந்து வரணும்."

"ரஷ்யாவா!" ஆதிமூலம் கிட்டே வந்து பயபக்தியோடு எட்டிப் பார்த்தார். "எங்க வூட்ல எது கெட்டாலும் கள்ளக்குறிச்சியிலயே ஸ்பேர் கெடைச்சிடுது, ச்சே! இத எனக்குக் குடுத்துடுங்க."

இளஞ்செழியனின் முதுகு நிமிர்ந்தது. "இத்தயா? கூடப் பொறந்தவன் கேட்டாக்கூடத் தரமாட்டேன். வள்ளி, கீழ வை அத."

பெட்டியோடு நின்ற அம்சவள்ளி ஆதிமூலத்தை முறைத்தாள்.

"ஏண்ணா, ஒரு நிமிசம் வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா?"