சித்தப்பா வந்த பதினொரு நிமிடம்

அண்ணனுக்குப் பேச்சு போய் ஐந்து வாரமாகிறது. யாருடைய பேச்சு போனது என்று தெரிந்தால்தான் இதிலுள்ள அநியாயம் புரியும். இருபத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எந்த வண்டி வழக்கம்போல் தாமதம், யார் வீட்டுக் குழந்தை அலுவலக வாசலில் அழுதுகொண்டு நிற்கிறது என்று ஊருக்கே சொன்ன வாய். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் மைக்கு. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "மைக்கைக் கட்டிக்கிட்டேன், இன்னொருத்தி வந்தா சண்டை வரும்" என்பான். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். வலது காலில் கொஞ்சம் உயிர் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

அவனுக்கென்று இருப்பது ஒரு தங்கை. கண்ணாடிக் கடையில் லென்ஸை உரசிச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க வாயைத் திறக்காமலே பார்க்கக்கூடிய வேலை. வீட்டில் பேச வேண்டிய பங்கையெல்லாம் அண்ணனே எடுத்துக்கொண்டதால் அவளுக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம். எந்நேரமும் அவன் பின்னாலேயே திரிந்ததால் அவன் அவளை வாலு என்று கூப்பிடுவான். நாற்பத்து மூன்று வயதாகியும் அவள் வாலுதான். இந்த ஐந்து வாரமாக அவளை அப்படிக் கூப்பிட ஆளில்லை.

மருத்துவமனையின் சட்டம் ஈவிரக்கமில்லாத சட்டம். தேறுகிற அறிகுறி தெரிந்தால் இன்னும் மூன்று மாதம் பயிற்சி. தெரியாவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு காப்பகம். அங்கே சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, சுவர் உண்டு. பேச்சுப் பயிற்சி கிடையாது. எந்தப் பக்கம் என்று இந்த வியாழக்கிழமை எழுத வேண்டும். எழுத வேண்டியவள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இளம் பெண். வார்டில் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

"ஒரு சொல் போதும்மா" என்று டீச்சர் போன வாரமே சொல்லியிருந்தாள். "நான் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்றது இல்ல. தானா வரணும். மனப்பாடமா ஊறிப்போனது சில பேருக்குத் தானா வந்துடும். நம்பர் எண்ணுறது, பாட்டு, சின்ன வயசுல திரும்பத் திரும்பச் சொன்னது, இந்த மாதிரி."

ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார்கள். வரவில்லை. கிழமைகளைச் சொல்லிப் பார்த்தார்கள். வரவில்லை. பேருந்து அறிவிப்பைப் பதிவுசெய்து கொண்டுவந்து போட்டார்கள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதெல்லாம் அவன் தாளைப் பார்த்துப் படித்தது, மனப்பாடம் இல்லை என்று பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்போது நினைவுக்கு வந்ததுதான் அந்தப் பேய்ப்படம்.

படம் என்றால் பெரிய காவியம் ஒன்றுமில்லை. பாதி தைத்த சட்டையோடு செத்துப்போன ஒரு தையல்காரன், அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரரைத் தேடி ஒரு பெரிய வீட்டுக்குள் பேயாக அலைகிறான். அகப்படுகிறவர்கள் கழுத்தில் எல்லாம் இஞ்சு டேப்பைச் சுற்றி, மிகுந்த பணிவோடு, "சார், கழுத்து அளவு?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் கதை. பிள்ளைகள் தூங்கிய பிறகு தொலைக்காட்சியில் போட்டபோது அப்பா அதைக் கேசட்டில் பதிவுசெய்து வைத்தார். அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் தினம் ஒரு காட்சி உண்டு. டேப் கழுத்தில் விழுகிற ஒவ்வொரு முறையும் அவள் வீறிட்டுக் கத்தி, உடனே சிரித்து, மறுபடி கத்துவாள்.

நடுவில் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி ஒரு வினாடி வினா நிகழ்ச்சிக்குப் போனார், குடும்பத்தின் பெருமை, அப்பா தலைகால் புரியாமல், வீடியோ டெக்கில் என்ன கேசட் இருக்கிறது என்று பார்க்காமலேயே, பிள்ளைகள் படத்தை ஒருமுறைகூடப் பார்ப்பதற்கு முன்பே, அதன் மேலேயே பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டார். சித்தப்பா முதல் கேள்விக்கே மண்ணைக் கவ்வினார். அதற்குப் பிறகு பதினொரு நிமிடம், யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில், அசடு வழிய ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஆகவே அவர்கள் வீட்டுப் படத்தில் தையல்காரப் பேய் நிலவறைக்குப் போகப் படியிறங்கும். மூன்றாவது படியில் கால் வைக்கும். சட்டென்று சித்தப்பா நிற்பார்.

முதல் தடவை அவள் ஓவென்று அழுதாள். அண்ணன் அழவில்லை. எழுந்து போய்ச் சித்தப்பாவின் சத்தத்தைக் குறைத்தான். திரைக்கு முன்னால் நின்று, மூச்சை நன்றாக இழுத்து, "இப்ப என்ன நடக்குதுன்னா" என்று ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரர்களோடு தியேட்டரில் ஏற்கெனவே பார்த்துவிட்டானாம். கீழே நிலவறையில் சட்டைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அவரும் செத்துப் பேயாகிவிட்டார். தைக்கக் கொடுத்த சட்டை வராததால் வெற்று உடம்போடு இத்தனை வருஷம் காத்திருந்து, சளி பிடித்து, ஓயாமல் தும்முகிற குண்டுப் பேய். இரண்டு பேயும் ஒன்றையொன்று பார்த்து அலறுகின்றன. தையல்காரன் சட்டையை மாட்டிவிடுகிறான். ஒரு பட்டன் போட்டால் ஒரு தும்மல், பட்டன் தெறித்து ஓடும். மொத்தம் ஆறு பட்டன். கீச்சுக் குரலும் அவனே, கட்டைக் குரலும் அவனே, தும்மலும் அவனே. ஆறாவது பட்டனில் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு மூச்சே வராது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவள் நிமிரும்போது சித்தப்பா போயிருப்பார். பேய் கையில் சட்டை இல்லாமல் ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கும்.

ஒருமுறை பள்ளித் தோழியிடம் அவள் கதையைச் சொல்லும்போது ஏழு பட்டன் என்றுவிட்டாள். அண்ணன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தான். "ஆறு, வாலு, ஆறு! ஏழு பட்டன் எந்த ஊர்ச் சட்டைடி?"

அந்தக் கேசட்டைப் போன வருஷம் வீட்டை ஒழிக்கும்போது, கெட்டுப்போன டெக்கோடு சேர்த்து, மறுயோசனை இல்லாமல் குப்பையில் போட்டது அவள்தான். இப்போது அதனால் என்ன? கம்ப்யூட்டரில் தேடினால் படம் கிடைக்கிறது. பழைய பிரதியைத் துடைத்துச் சுத்தம் செய்து, நிறமெல்லாம் பளிச்சென்று, புதுசுபோல. கடை முதலாளியிடம் லேப்டாப்பை இரவல் வாங்கினாள். அண்ணனோடு சேர்ந்தே பார்க்கலாம் என்று முன்கூட்டிப் பார்க்கவும் இல்லை. "முழுப் படம் டீச்சர்" என்று பெருமையாகச் சொன்னாள். "ஒரு நிமிஷம்கூட வெட்டு இல்ல."

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. வார்டின் பொது அறையில் அண்ணனை ஜன்னல் ஓரமாகச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டைக் காலரில் மதியச் சாப்பாட்டின் கறை. அவள் அதைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு சுருக்கம் விழுந்த சட்டையோடு வெளியே இறங்காதவன் அவன். டீச்சர் மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றாமல், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. துடைத்த பிரதி பேயைக் காட்டிக்கொடுத்தது. முகத்தில் மாவு, கழுத்துக்குக் கீழே மாநிறம். பறக்கும்போது முதுகில் கட்டிய கம்பி வெயிலில் மின்னியது. இதற்கா இப்படிப் பயந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் திரையை அதிகம் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கழுத்தில் டேப் விழுந்தது. அண்ணனின் வாய் இடது ஓரமாக மேலே ஏறியது.

"சிரிக்கிறாரு" என்றாள் டீச்சர், குரலைத் தாழ்த்தி. பேனா மூடியைக் கழற்றினாள்.

பேய் நிலவறைக் கதவைத் திறந்தது. முதல் படி. இரண்டாவது படி. அண்ணனின் இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. யாரும் தாங்காமல் எழுந்திராதவன் உடம்பை முன்னால் தள்ளி, இடது காலை ஊன்றி, நடுங்கி நடுங்கி எழுந்தான். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது படி. அண்ணன் மூச்சை இழுத்தான். அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். வாய் திறந்தது.

பேய் நான்காவது படியில் கால் வைத்தது. ஐந்தாவது படி. நிலவறையில் விளக்குகள் எரிந்தன. எட்டுப் பெண்கள் குதித்து வந்து ஆட ஆரம்பித்தார்கள். மேளம் காதைக் கிழித்தது. அண்ணன் திறந்த வாயோடு திரையைப் பார்த்தான். வரிசையில் தன் முறை வந்ததும் வேறொருவன் நுழைந்துவிட்டால் ஒரு மனிதன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். பிறகு வாய் மூடிக்கொண்டது. கால் மடங்கியது. டீச்சர் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. நிலவறையில் குண்டுப் பேய் இல்லை. தும்மல் இல்லை, பட்டன் இல்லை. அண்ணன் எந்தத் தியேட்டருக்கும் போகவில்லை. தங்கச்சி அழக்கூடாது என்று பதினொரு வயதில் நின்ற இடத்தில் அவனே கட்டிய கதை அது. அவன் பேசுவதற்கென்று இந்தப் படத்தில் இருந்தது ஒரே ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை அடைத்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் படுபாவி.

பின்னால் ஓட்டினாள். மறுபடி படிகள். மூன்றாவது படியில் படத்தை நிறுத்திப் பிடித்தாள். அண்ணன் நின்றுபோன படத்தைப் பார்த்தான், எழவில்லை. சத்தத்தை அணைத்துப் பார்த்தாள். மூன்றாவது முறை அவன் பாட்டையே பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஆடுகிற பெண்களோடு அவன் விரல் தாளம் போட்டது.

"என்னம்மா? எதைத் தேடுறீங்க?" என்றாள் டீச்சர்.

"சித்தப்பாவை" என்றாள் அவள். சொன்னபோதே அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தக் கேசட் இருக்கா?"

"நான்தான் தூக்கிப் போட்டேன் டீச்சர்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். "நீங்க அந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிறவள் எழுந்து லேப்டாப்புக்கு முன்னால் நின்றாள். மூச்சை இழுத்தாள். "இப்ப என்ன நடக்குதுன்னா" என்றாள். குண்டுப் பேயைச் சொன்னாள், சளியைச் சொன்னாள், கீச்சுக் குரலையும் கட்டைக் குரலையும் தன்னால் முடிந்த அளவுக்கு வரவழைத்தாள், தும்மினாள். பொது அறையில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் விழித்துக்கொண்டு அவளை முறைத்தார். அண்ணன் கண் அவளை விட்டு நகரவில்லை. வேண்டுமென்றே சொன்னாள்:

"மொத்தம் ஏழு பட்டன்."

நிறுத்தினாள். ஒரு சொல் போதும். குட்டுக்குக் கை உயர்ந்தால்கூடப் போதும்.

"ஏழு பட்டன்ணா" என்றாள் மறுபடி. "சரிதானே? ஏழு?"

அண்ணன் தலையாட்டினான். பணிவாக, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல.

டீச்சர் படிவத்தை மடியில் நேராக வைத்தாள். "அவர் எழுந்து நின்னதை எழுதுறேம்மா. நல்லா எழுதுறேன். ஆனா பேச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல பொய் எழுத முடியாது" என்றாள். எழுதினாள். "இல்லை" என்று மூன்றே எழுத்துதான், ஒரு நொடிகூட ஆகவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு, அவள் தோளில் ஒரு கையை வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை காப்பகத்திலிருந்து வண்டி வரும்.

அவள் லேப்டாப்பை மூடப் போனாள். அண்ணனின் இடது கை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது.

திரும்பினாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் அகலமாக, உதடு லேசாகப் பிளந்து, அடுத்து என்ன என்று. தையல்காரன், குண்டுப் பேய், பட்டன் எல்லாமே அவன் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்ட கதை. பாதியில் நிறுத்திவிட்டாளே என்று தலைப்பை இன்னொரு தரம் இழுத்தான்.

"சொல்றேன்ணா, சொல்றேன்" என்றாள். ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள், ஒவ்வொரு தும்மலாகத் தும்மினாள். அவன் இடது ஓரத்தால் சிரித்தான். கடைசிப் பட்டனுக்கு வந்தாள். அதைப் போட்டதும் தையல்காரன் என்னவோ செய்தான், இல்லை, என்னவோ சொன்னான். சட்டை யாரிடம் போனது? அவன் எப்படிக் கையை வீசிக்கொண்டு பறந்தான்? விடுமுறை விடுமுறையாக அண்ணன் அதை அவளுக்குச் சொல்லியிருக்கிறான்.

அண்ணன் காத்திருந்தான். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். ஒரு முறைகூட அவள் அதைக் கேட்டதில்லை. அந்த இடத்தில் எப்போதும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.