பதினைந்தாவது இலக்கம்

சூப்பர்வைசர் டில்லிபாபு சார் நீட்டிய தாளில், போன் பெட்டி லேபிளின் எண்ணைக் கவனக்குறைவாக அடித்தது நான்தான் என்று ஏற்கெனவே டைப் செய்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டால் அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்க மாட்டார்கள். இரண்டு வருடம் டிரெய்னியாக நின்றதெல்லாம் வீண்.

ஸ்கேனர் பழுதான அன்று, நூறு போன்களின் எண்களை நான்தான் பார்த்துப் பார்த்துக் கையால் அடித்தேன். அதில் ஒரு பெட்டியின் எண், உள்ளே இருந்த போனின் எண்ணோடு பொருந்தவில்லை என்று புகார் வந்திருக்கிறது.

“நான் தப்பா அடிச்சிருந்தா கம்ப்யூட்டரே எடுத்திருக்காது சார்.”

“இன்னாம்மா, நீ டீச்சரா? மிஷினுக்கு சாட்சி சொல்லிக்கினு கீற?”

சங்கரன்கோவிலில் மூன்று வருடம் கணிதம் படித்தவள் நான். போன் கம்பெனி லைனுக்கு வந்தபின் யாரும் அதைக் கேட்டதில்லை. எரிச்சலோடு ஒரு அட்டைத் துண்டை எடுத்துப் பெட்டியின் எண்ணை எழுதினேன்: 352741026309859. கம்ப்யூட்டர் சரிபார்ப்பது இப்படித்தான்: இரண்டாவதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் அந்த இரண்டு இலக்கங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மற்றவற்றை அப்படியே சேர்த்தால், மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படி வகுபடுவதற்காகவே சேர்ப்பதுதான் பதினைந்தாவது இலக்கம். கூட்டினேன். அறுபது.

அவர் நம்பாமல் ஒரு இரண்டை மூன்றாக்கிப் பார்த்தார். வகுபடவில்லை. பக்கத்துப் பக்கத்து ஏழையும் நான்கையும் இடம் மாற்றினார். அதுவும் இல்லை. அவர் முகம் இளகியது. எனக்கு உள்ளே ஏதோ துள்ளியது. இதற்காகவா இத்தனை நாள் ஏங்கினேன் என்று என்மேலேயே கோபமும் வந்தது.

“அப்போ நம்பர் கரெக்ட்டு. பேக்கிங்ல போனை மாத்தி வெச்சிருக்காங்க,” என்று என் பெயரை நீக்கி உலகம்மாள் பெயரை எழுதப் பேனாவை எடுத்தார். எனக்கு அடுத்து நின்று போனைப் பெட்டியில் வைப்பவள். சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் இருவரும் ஒரே அறை.

போனின் எண்ணைக் காட்டச் சொன்னேன். ஓரிடத்தில் 90 இருந்தது. நான் அடித்ததில் 09. மற்றதெல்லாம் ஒன்றே.

பூஜ்யத்தை இரட்டித்தால் பூஜ்யம். ஒன்பதை இரட்டித்தால் பதினெட்டு; ஒன்றும் எட்டும் ஒன்பது. எப்படித் திருப்பிப் போட்டாலும் கூட்டுத்தொகை அசையாது. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதில் அந்த விதிக்குத் தெரியாத ஒரே ஜோடி இதுதான். என் விரல் சரியாக அதைத் தேடிப் பிடித்திருக்கிறது.

அவர் இன்னும் கவனிக்கவில்லை. பேனா தாளைத் தொட்டுவிட்டது.

“பேரை மாத்தாதீங்க சார்.” விளக்கினேன்.

“இப்போதான் தப்பு வராதுன்ன. இப்போ வரும்ன்ற.”

“இது ஒண்ணு மட்டும் வரும் சார்.”

“இதை எதுக்கும்மா எங்கிட்ட சொல்ற?” உண்மையாகவே சலித்துக்கொண்டார்.

கவனக்குறைவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நடந்ததை ஒரு வரியில் எழுதலாமா என்று கேட்டேன். அதற்கெல்லாம் இடம் இல்லை என்றார். கையெழுத்துப் போட்டேன். கீழே தொழிலாளர் எண் கேட்டிருந்தது. எழுதினேன்.

தாளை வாங்காமல், அந்த எண்ணை ஒருவாட்டி படித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டினேன்.