இரண்டு வீட்டுக்கும் ஒரே எண்

சித்தூரில் கொழுந்தன் தேவேந்திரன் வீட்டில்தான் காஞ்சனா அதைப் பார்த்தாள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதற்காக அவன் லேப்டாப்பில் ஓர் எண்ணைத் தட்டினான்: 192.168.1.1. திருப்பதியில் அவள் வீட்டு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்ததும் அதே எண். ஒரு புள்ளி மாறவில்லை.

கணவர் வேதாச்சலம் போய்ச்சேர்ந்து நாலு மாதம். அன்றிலிருந்து அவள் வீட்டில் நடப்பதெல்லாம் சித்தூருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. "நேத்து யாரு அண்ணி வந்தது, பச்ச சட்ட?" என்று போனில் கேட்பான். வந்தவர் கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர். வாசல் கேமரா திருடனுக்காக வைத்தது. அதில் அகப்பட்டிருப்பது தான்தானோ?

ஊர் திரும்பியதும், தெருவுக்கு நெட் கொடுக்கும் சலீமை வரவழைத்தாள்.

"என் லைன அவன் இழுத்துக்கினு கீறான், சலீம். நம்பரே ஒண்ணு."

சலீம் சிரித்தார். "அக்கா, இந்த நம்பரு என் ஊட்லயும் கீது. ரேணிகுண்டால பாதி ஊட்ல கீது. இது உள் நம்பரு. எல்லா ஊட்லயும் அடுப்பு கீது, அதுக்காக உங்க கொழம்ப எவனாவது துன்ன முடியுமா? வெளி நம்பருதான் வேற வேற. அது தெரிஞ்சாலும், உள்ளேர்ந்து யாராவது வழி தொறந்து வுடணும்."

"தொறந்து கீதா பாரு."

ரவுட்டரின் செட்டிங்கைத் திறந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

"போன வருசம் மாறாத வெளி நம்பரு வேணும்னு உங்க ஊட்டு சாரு கேட்டு வாங்குனாரு. அந்த நம்பருல வந்தா நேரா கேமராவுக்கு வழி கீது. பேரு கூடப் போட்டுக்கீது. தேவா."

தேவேந்திரனை அப்படிக் கூப்பிட்டவர் வேதாச்சலம் ஒருவர்தான்.

"அடைச்சுடு" என்றாள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

"இன்னா அண்ணி, கேமரா வரல. கரண்டு போச்சா?"

"நான்தான் அடைச்சேன். உனக்கு யாருடா தொறந்து வுட்டது?"

"அண்ணன்தான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மின்னாடி. யாரு வராங்க, யாரு போறாங்கன்னு பாக்கச் சொன்னாரு."

"எதுக்குன்னு சொன்னாரா?"

"நான் கேக்கல அண்ணி."

போனை வைத்துவிட்டாள். சலீம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இரு சலீம். அந்தக் கேமராவையும் கழட்டிடு."

"திருடன் வந்தா, அக்கா?"

"வரட்டும். அவன் இன்னாத்துக்கு வரான்னாவது எனக்குத் தெரியும்."