திருகின் கடைசிச் சுற்று

கொக்கித் தராசை ரிவால்வரின் டிரிக்கரில் மாட்டி மெல்ல இழுத்தேன். முள் ஆறு பவுண்டைத் தொடுவதற்குள் சுத்தியல் பின்னால் போய் விழுந்தது. என் வேலை மேசைக்கு எதிரே, கவிழ்த்த பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்து என் கணவன் ஹார்லன் பார்த்துக்கொண்டிருந்தான். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. ஐடஹோவின் செப்டம்பர் வெயில் அவன் பூட்ஸ் வரைக்கும் வந்து நின்றது.

"எவ்வளவு?"

"ஆறுக்குக் கீழ. இவ்வளவு லேசா நம்ம கிளப்புல யாருகிட்டயும் கிடையாது."

"கொடு."

இடது கையால் வாங்கினான். வலது கை போன குளிர்காலத்திலேயே அவனைக் கைவிட்டிருந்தது. நரம்பு நோய்க்கு டாக்டர் ஒரு நீளமான பெயர் சொன்னார். நாங்கள் அதை வீட்டில் சொல்வதில்லை. காலி ரிவால்வரை மணல் வாளிக்கு நேராகப் பிடித்து இழுத்தான். ஒரு முறை விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. அடுத்ததில் விரல் பாதி வழியில் நின்று நடுங்கியது.

"இன்னும் கொஞ்சம் இறக்கு, நெல்டா."

ரிவால்வரில் எல்லா வேலையையும் விரல்தான் செய்கிறது. சிலிண்டரைச் சுற்றுவதும், சுத்தியலைத் தூக்குவதும், ஸ்பிரிங்கை வளைப்பதும் அந்த ஒரே இழுப்பு. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் விரலுக்குச் சுகம். ஆனால் சுத்தியல் மெதுவாக விழும். தோட்டாவின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு பிரைமர் அந்தத் தட்டலுக்குத் தீப்பிடிக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் என் தொழில். நெல்டா தொட்ட துப்பாக்கி ஏமாற்றாது என்று துப்பாக்கிப் பந்தயக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். உள்ளுக்குள் நாள் முழுக்க அதையே மென்றுகொண்டிருப்பேன்.

ஹார்லனின் ரிவால்வரில் நான் செய்யாதது எதுவும் மிச்சமில்லை. உரசும் இடங்களையெல்லாம் கண்ணாடிபோல் தேய்த்தாகிவிட்டது. கனம் குறைய சுத்தியலின் வாலை அறுத்தெடுத்தது அவன் நன்றாக இருந்த காலத்தில்; அதனால் கட்டைவிரலால் பின்னிழுத்து வைக்கவும் வழியில்லை. பிரைமர்களை ஒவ்வொன்றாகக் கையால் அடிவரை அழுத்தி வைக்கிறேன், விழுகிற தட்டலில் துளியும் வீணாகாமல் இருக்க. பாக்கி இருந்தது பிடியின் முன்பக்கத்துத் திருகு மட்டும். ஸ்பிரிங்கை முட்டி வளைத்து வைத்திருப்பது அதுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதைத் தளர்த்துவது. வீட்டில் டிரிக்கர் வெண்ணெய்போல் இருக்கும். பந்தயத்தில் 'டிக்' என்று வெறும் சத்தம் வரும். அப்படி வந்தவர்களைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

"அந்தத் திருகைத் தளர்த்து," என்றான்.

"பாதி வெடிக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறியா?"

ரிவால்வரை மேசைமேல் வைத்துவிட்டு, சொன்னபடி கேட்காத அந்த விரலைத் தன் மடியில் தேய்த்துக்கொண்டான். "துப்பாக்கி வெடிக்கலைன்னா ஆர்லோ கிண்டல் பண்ணுவான். விரல் நகரலைன்னா ஒருத்தனும் கிண்டல் பண்ண மாட்டான். சாவு வீட்டுல மாதிரி தொப்பியைக் கழட்டுவானுங்க. அதை என்னால பாக்க முடியாது."

முதலில் எனக்கு வந்தது கோபம். என் நல்ல பெயரைப் பலி கேட்கிறான் என்றுதான் தோன்றியது. அவன் விரலை நினைக்கும் முன் என் பெயரை நினைத்தேனே என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அவனுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. திருப்புளியை எடுத்தேன்.

சனிக்கிழமைப் பந்தயத்தில் ஆர்லோதான் டைமரோடு நின்றான். அவனும் ஹார்லனும் ஒரே மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர்கள்.

"டேய் ஹார்லன், இடது கையால சுட்டு எங்களுக்கும் ஒரு சான்ஸ் குடுக்கற பாரு, நீ மகராசன்டா."

"வாயை மூடிட்டு பட்டனை அமுக்குடா."

டைமர் கத்தியது. முதல் குண்டு வெடித்து, இரும்புத் தட்டு விழுந்தது. அடுத்து டிக். மறுபடியும் டிக். நான்காவது வெடித்தது.

"நெல்டா, என்னம்மா இது? ஸ்பிரிங்குக்குப் பதிலா நூடுல்ஸ் வெச்சியா?"

சுடும் கோட்டுக்குப் பின்னால் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லன் இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "வீட்டுக்காரிக்குக் கை தளர்ந்துபோச்சு ஆர்லோ, வயசாகுதுல்ல," என்று அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகிறது. நானும் சிரித்தேன். அவன் கேட்டபடியே நடக்கிறது என்று ஒரு கணம் நெஞ்சு லேசாகிவிட்டது.

ஐந்தாவது இழுப்பில் டிரிக்கர் பாதி தூரம் போய் நின்றது. வெடிக்கவில்லை. டிக் சத்தமும் வரவில்லை. அவன் தோள் மட்டும் மெல்ல ஏறியது. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

"சிக்கிக்கிச்சா?" என்றான் ஆர்லோ.

ஹார்லனின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன்.

"சிலிண்டர் சிக்கியிருக்கும்," என்று பின்னாலிருந்து சொன்னேன். "நான்தான் சரியாப் பூட்டலை."

ஆர்லோ அவன் கையிலிருந்து ரிவால்வரை வாங்கி, சிலிண்டரைத் திறந்து, தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி, மூடினான். பிறகு, வேண்டுமென்று செய்திருக்க மாட்டான், துப்பாக்கிக்காரன் கை அப்படித்தான், மண்மேட்டை நோக்கி ஒரு தடவை டிரிக்கரை இழுத்தான். சிலிண்டர் எண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றியது. இன்னொரு தடவை, மெதுவாக இழுத்தான். பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, சிக்கித்தான் இருக்கு," என்றான்.

தொப்பியைக் கழற்றி முழங்கையால் நெற்றியைத் துடைத்தான். திரும்ப வைத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னொருவன் கையும் தொப்பிக்குப் போனது. ஹார்லன் தரையைப் பார்த்தபடி என்னைத் தாண்டி காருக்கு நடந்தான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவன் சீட் பெல்ட்டின் சிவப்புப் பட்டனை அழுத்தப் பார்த்தான். கட்டைவிரலால் பார்த்தான், பிறகு கைமுட்டியால். நான் குனிந்து அழுத்திவிட்டேன். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அடுத்த மாசத்துக்கு இன்னும் கொஞ்சம் இறக்கணும்," என்றான்.

"பாக்கறேன்."

அந்தத் திருகு ஏற்கெனவே விரலால் தொட்டாலே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.