காட்டுப்பூவரசுக்குப் போட்ட சாம்பல்

அன்று காலை முற்றத்தில் நின்றவர்கள் நான்கு பேர்: பழனியாண்டியாகிய நான், என் மருமகள் ராஜினி, அடுத்த காணி ஐயாத்துரை, அவர் மனைவி கமலாசனி. வேறு எவரும் இல்லை. 1994 ஆவணி, வட்டக்கச்சி.

காட்டுப்பூவரசு மஞ்சளாகி நின்றது. நுவரெலியா மலையிலிருந்து என் மனைவி வடிவம்மா கொண்டுவந்த செடி. பலா நிழலில், அரைப் பீப்பாயில், இலைமக்கு நிரப்பி வளர்த்தாள். கிணற்று நீர் சுண்ணாம்பு என்று விடமாட்டாள்; சாடியில் பிடித்த மழைநீர் மட்டும்தான். அதன் சிவப்புப் பூவைக் காணாமலே கண்ணை மூடிவிட்டாள். பூக்கவைப்பது என் கடமையாயிற்று.

"கிணத்துத் தண்ணிய ஊத்துனியா?" என்று மருமகளைக் கேட்டேன்.

"நான் தொடவே இல்ல மாமா."

"வீட்டுல ரெண்டு பேருதான். நான் ஊத்தல."

ஐயாத்துரை சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "உது குளிருக்குப் பிறந்தது, பழனியாண்டி. வன்னி வெயிலுக்க உம்மை மாதிரி விறைச்சுக்கொண்டு நிக்குமே?"

"பிள்ளையை ஏன் பேசுறியள்?" என்றார் கமலாசனி.

"எங்க குடும்பத்துல பொய் சொல்ற பழக்கம் இல்ல" என்றேன்.

அந்தக் கிழமையே ராஜினி வன்னியை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுத்து நெளுக்குளத்துத் தாய் வீட்டுக்குப் போனாள். போகும்போதும் சோறு சமைத்து மூடி வைத்திருந்தாள். கட்டாரிலிருக்கும் மகன் அதன்பின் எனக்கு எழுதவில்லை. ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றிக்கொண்டு பீப்பாயருகே குந்தியிருப்பேன். இலைகள் உதிர்ந்தன. வெள்ளிதோறும் நான் போட்டுவந்த இரண்டு சிரட்டை அடுப்புச் சாம்பலை நிறுத்தவில்லை. எங்கள் காணியில் கத்தரியும் வாழையும் சாம்பலில்தானே எழும்பின.

செடி வாடுவதை எழுதியிருந்தேன்; கார்த்திகையில், தேயிலைத் தோட்டத்திலிருக்கும் மைத்துனன் கணபதியின் கடிதம் வந்தது. "சாம்பல் மட்டும் போட்டுறாதீங்க மச்சான். தேயிலை மாதிரி அதுக்கும் புளிச்ச மண்ணுதான் வேணும். அக்கா சொல்லலயா?"

சொல்லியிருந்தாள். ஒருமுறை என் கையிலிருந்த சிரட்டையை வாங்கிக் கத்தரிக்குக் கொட்டினாள். நான்தான் பெண்பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

ஐயாத்துரை வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டார், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"சாம்பல் கதை ஆருக்கும் தெரியாதுதானே. விடும்" என்றார்.

ராஜினியிடம் போகப் பாஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. பீப்பாயில் குச்சி மட்டும் நிற்கிறது.

ராஜினி செடியைக் கொன்றுவிட்டு ஓடிவிட்டாள் என்று ஊரில் கதைக்கிறார்கள். அவள் ஓடவில்லை, நான் பேசியதால் போனாள். செடியைக் கொன்றவனும் நான்.