கோட்டை பார்க்க நாலு பேர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு குடையிலிருந்து வந்தது.

போன தை மாதம் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். மதிலோரம் ஒரு கல்யாண ஜோடியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்தவர் என்னைப் பார்த்தார், வெள்ளைக் குடை ஒன்றைக் கையில் திணித்தார், "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க சார்" என்றார். வெயில் சாயும்வரை பிடித்தேன். பிறகு பெண்ணின் தாய்மாமன் என்னையும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். கோட்டையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் ஊர் திரும்பியதே கிடையாது.

2

சரித்திரக் கதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"வங்கக் கடலின் வீர அலைகள் மோதி" வேண்டாம். அலைக்கு என்ன வீரம்?

"செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த அம்மதில்கள், பீரங்கிக் குண்டுகளுக்கு அஞ்சாது" எனக்குத் தெரிந்த சரித்திரம் இத்தோடு தீர்ந்தது.

எளிமையாகவே சொல்கிறேன். வருஷம் 1938, மாசி மாதக் காலை. மரக்காணத்திலிருந்து கால்வாயில் வடக்கே, அதே ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க ஒரு படகு போகிறது. திண்டிவனத்தில் சரித்திரப் பாடம் நடத்தும் சீனுவாசன் வாத்தியார், அதே ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் இருதயராஜ், கழி ஊன்றித் தள்ளும் சிங்காரம். நாலாவதாகத் தபாலாபீஸ் முத்துசாமி என்று ஒருவரும் இருந்தார். ஓயாமல் பேசினார், பேனாவால் அடித்துவிட்டேன். அவர் உட்கார்ந்த பலகை காலியாக இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். பாய்மரத்தின் நிழல் அங்கே கொஞ்சம் விழும்.

3

சிங்காரத்தின் மேல் எனக்கு முதலில் நம்பிக்கையில்லை. படகோட்டி என்றால் பாட வேண்டும் என்று ஒரு பாட்டுக்கூட எழுதிவைத்திருந்தேன். அவன் பாடவில்லை. ஒரு மூலையில் சாக்குத்துணியால் மூடிவைத்த எதையோ அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

இருதயராஜ் துணியை விலக்கினார். பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு சீப்புப் பழம்.

"பிரமாதமான ஏற்பாடுப்பா" என்று ஒரு பழத்தை உரித்துவிட்டார்.

"ஐயோ, அத்தத் தின்னாதீங்க சார்!"

"ஏன், பூஜைக்கா?"

"ஆமா சார். ஒரு மாதிரி பூஜதான்."

(இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கோட்டையை ஒட்டிய குப்பத்தில் கிளியம்மாள் இருக்கிறாள். அவளும் இவனும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் அவள் அப்பா சக்கரபாணி, "நாலு பெரிய மனுஷங்களக் கூட்டிக்கினு மொறையா வந்து கேளு, தர்றேன்" என்று சொல்லிவிட்டார். சிங்காரத்துக்குத் தாய் தகப்பன் இல்லை. வலைத் தகராறில் முறுக்கிக்கொண்ட அவன் குப்பத்தார் அந்த மண்ணை மிதிக்கமாட்டோம் என்கிறார்கள். நாளைக்குப் பொம்மையார்பாளையத்திலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அந்த நேரத்தில்தான் வாத்தியார் கோட்டை பார்க்கப் படகு கேட்டார். கூலியே வேண்டாம் என்றான் சிங்காரம். கல்விக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று வாத்தியார் நெகிழ்ந்துபோனார்.)

4

தண்ணீரிலிருந்து பார்த்தால் கோட்டை நன்றாகத்தான் இருந்தது. வேர் பிளந்த செங்கல் மதில். அதன் உச்சியில் பச்சைச் சேலையில் ஒரு பெண், படகையே பார்த்துக்கொண்டு.

"அந்தக் காலத்துல அங்கதான் காவல் நிப்பாங்க" என்றார் வாத்தியார்.

"இப்பவும் நிக்கிறாங்களே சார்" என்றார் இருதயராஜ்.

கரையிறங்கியதும், "தண்ணி குடிச்சிட்டு அப்பால கோட்டைக்குப் போலாம், ஜல்தி வாங்க சார்" என்று சிங்காரம் அவர்களை ஒரு வீட்டுக்குள் அழைத்துப்போனான். புதுப் பாய் விரித்திருந்தது. இளநீர் வந்தது. தட்டு நடுவில் வைக்கப்பட்டது. சலவை வேட்டியில் சக்கரபாணி கைகூப்பினார்.

"மாப்ளயோட பெரியவங்க வந்துகிறீங்க. பையனப் பத்தி நீங்க ஒரு வார்த்த சொல்லணுங்க."

வாத்தியார் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் சிங்காரம் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தான்.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வாத்தியார், "நான் கோட்டை பாக்க வந்தவன்!" என்று எழுந்துபோகிறார். எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்தேன்.

இன்னொன்றில் கோட்டையில் புதையல் கிடைக்கிறது. அதை எழுதியதே வெட்கக்கேடு.

மூன்றாவதில் வாத்தியார் நீண்ட நேரம் இளநீரைக் குடித்தார். பிறகு என்னைக் கேட்காமலே பேசினார்.

"வழியெல்லாம் எதிர்க்காத்துங்க. பையன் ஒரு தடவகூட முகம் சுளிக்கல. எங்களப் பத்திரமாக் கொண்டாந்து சேத்தான். உங்க பொண்ணையும் சேப்பான். தைரியமாக் குடுங்க."

இருதயராஜ், "பழம் ஒண்ணு கொறையுதே, மன்னிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதையை அங்கேயே முடித்திருப்பேன். ஆனால் கிளியம்மாளின் அம்மா வடிவு விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள்.

"மூணு பேரா வந்து பொண்ணு கேக்குறதா? ஆகாதுங்க. இது இன்னா பேஜாரா கீது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்துசாமி! அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு இருந்திருக்கலாம். அடித்தவரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? நான் போகலாமென்றால், எழுத ஆள் வேண்டும். சிங்காரத்தின் முகம் செத்துப்போய்விட்டது.

6

கதவுக்குப் பின்னாலிருந்து பச்சைச் சேலை அசைந்தது.

"எம்மா, மூணு இல்ல. நாலு பேருதான் வந்தாங்க. காலையில இருந்து மதில்மேல நின்னு பாத்துக்கினுதான இருந்தேன். ஒருத்தர் இன்னும் படகுலயே குந்திக்கினு கீறாரு."

எல்லாரும் வாசல் வழியே படகைத் திரும்பிப் பார்க்கிறார்கள். உங்களைத்தான்.

கோட்டை பார்க்க வந்தவர் நீங்கள், தெரியும். இறங்குங்கள். காலில் கொஞ்சம் சேறு ஒட்டும், பரவாயில்லை. சிங்காரம் ஓடிவந்து கை கொடுக்கிறான். பாயில் உங்களுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. இளநீர் வெட்டுகிறார்கள். வடிவு தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்கிறாள்.

"வாங்க. நீங்க மாப்ளைக்கு இன்னா ஒறவுங்க?"